வெற்றிடத்துக்கு வைத்த எண்

முத்தன்துறைக் குடியிருப்பிலிருந்து வந்த புகார் மிகச் சாதாரணமானது. சக்கர நாற்காலி குளியலறைக்குள் போகவில்லை, அவ்வளவுதான். பராமரிப்பு ஆட்கள் ஒருமுறை போய்ச் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த முறை நாற்காலியையே மாற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் போகவில்லை என்று தகவல் வரவே, கட்டடத்தை வரைந்தவர்களே வந்து பார்க்கட்டும் என்று குடியிருப்பு அலுவலகத்தார் அதை மதுரையிலிருந்த வரைபட நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

வரைந்தவள் தமயந்தி. அந்தக் குடியிருப்பால்தான் அவளுக்குப் பெயர் வந்தது. அதன் படம் இன்னும் அவர்கள் நிறுவனத்து வாசலில் பெரிதாக மாட்டியிருந்தது. ஒரு குளியலறைக் கதவுக்காகத் தூத்துக்குடி வரை போகவேண்டுமா என்று அலுத்துக்கொண்டேதான் அவள் கிளம்பினாள்.

கடல் மூன்று தெருக்களை விழுங்கிய பிறகு, வீடிழந்த மீன்பிடிக் குடும்பங்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி அது. சிமெண்டும் கம்பியும் உப்புக் காற்றில் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிற கரை. அதனால் வளர்சுண்ணத்தில் கட்டினார்கள். நுண்ணுயிர் கலந்த சுண்ணாம்பு. காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு மெல்ல வளரும். விரிசல் விட்டால் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் வளர்கிற பொருளுக்குக் கடிவாளம் வேண்டுமே. அந்தக் கடிவாளம்தான் வரைபடம். பழைய காலம்போலக் கட்டி முடித்ததும் அதைச் சுருட்டி வைத்துவிட முடியாது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு கணினிப் பெட்டியில் இருந்துகொண்டு, எங்கே வளரலாம், எங்கே நிற்கவேண்டும் என்று சுண்ணத்துக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான்காவது மாடியில் கதவைத் திறந்தவள் ஜெசிந்தா. ஐஸ் கம்பெனியில் வேலை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாங்க மேடம். செருப்பக் கழத்த வேண்டாம், சும்மா வாங்க."

உள்ளே கட்டிலில் அவள் அப்பா மிக்கேல் உட்கார்ந்திருந்தார். சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப்போயிற்று. தோள்கள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தன. தமயந்தியைப் பார்த்ததும் இடுப்பைச் சுற்றியிருந்த போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வந்திருக்கியளாம்மா? இவதான் கேக்காம எழுதிப் போட்டுட்டா. எனக்குத்தான் முடியல. கையில முன்ன மாதிரி வலு இல்ல. நாக்காலிய நேராப் பிடிச்சு விடத் தெரியல, அங்கன இங்கன இடிச்சிருதேன்."

"நேராத்தாம்ப்பா விடுதீய" என்றாள் ஜெசிந்தா.

"நீ சும்மா இருட்டி."

குளியலறைக்குப் போகிற இடைவழி இருட்டாக இருந்தது. தமயந்தி விளக்கைப் போட்டுவிட்டு அளவு நாடாவை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். மறுபடி அளந்தாள். பிறகு நாடாவை விட்டுவிட்டுச் சுவரைக் கையால் தடவினாள். வழவழவென்று, சங்கின் உட்புறம்போல, அழகாக இருந்தது சுவர். கதவுச் சட்டத்தின் ஓரம் சுவருக்குள் பாதி புதைந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கை அகலத்துக்கு இடம் காணாமல் போயிருந்தது. ஈரம் அதிகமாகப் படுகிற இடமல்லவா, நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

"எப்ப இருந்து போக முடியல?" என்று கேட்டாள்.

"சட்டுனு ஒரு நாள்ல இல்ல மேடம். முதல்ல கை முட்டியில சிராய்ப்பு வந்துது. அப்புறம் ரொம்ப நெருக்கி நெருக்கிப் போனாவ. போன மழைக்குப் பொறவு சுத்தமா முடியல." ஜெசிந்தா பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கட்டில்லயே பாத்திரம் வச்சு நாந்தான் எடுக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. அவியளுக்குத்தான் மக எடுக்காளேன்னு வெக்கம். அதுக்காகத் தண்ணியே குடிக்கறதில்ல. நாக்க நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். ரெண்டு தடவ மூத்திரம் அடைச்சு ஆஸ்பத்திரியில கெடந்தாவ. கிட்னி பாதி போச்சுன்னு சொல்லிட்டாவ."

தமயந்தி அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள். "நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மிக்கேலின் முகத்தைப் பார்க்காமல் இறங்கிக் காருக்குப் போனாள்.

காரில் உட்கார்ந்து கையடக்கக் கணினியில் அந்தக் கட்டடத்தின் வரைபடத்தைத் திறந்தாள். திறக்காமலே அவளுக்குத் தெரியும். இருந்தாலும், தான் நினைப்பது பொய்யாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை.

பொருட்களுக்கான முன்னுரிமை எண்கள் திரையில் வந்தன. வரைகிற மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பொருள்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் பெரிய எண் நிற்கும், சின்ன எண் விலகும். கட்டடத்தில் சுண்ணமும் இந்த எண்களைப் பார்த்துத்தான் வளரும். வெளிப்பக்க அலங்காரக் கல்லுக்குப் பெரிய எண். அதற்கடுத்து வளர்சுண்ணம். பிறகு மரம், கண்ணாடி, குழாய். கடைசியில் வெற்றிடம். அதாவது அறைக்குள் இருக்கும் காற்று. மனிதர்கள் நடக்கிற, படுக்கிற, திரும்புகிற இடம். அதற்கு நேரே பூஜ்யம்.

அவள்தான் வைத்தாள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற ஒரு வெட்டுத்தோற்றப் படம் கேட்டிருந்தார்கள். சுவர்கள் சந்திக்கிற மூலைகளிலெல்லாம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கரப்பான்பூச்சியை நசுக்கினதுபோல அசிங்கமாக நின்றன. ஒவ்வொரு மூலையாகக் கையால் சரிசெய்தால் நாள் கணக்காகும். வெற்றிடத்தின் எண்ணைக் கீழே இறக்கினாள். ஒரே நொடியில் படம் சுத்தமாகிவிட்டது. 'வெற்றிடம் எல்லாப் பொருளுக்கும் வழிவிடும், சம்மதமா?' என்று மென்பொருள் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள். பின்னால் நின்றிருந்த நிறுவனத் தலைவர் பரந்தாமன், "பிரமாதம்மா, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே வாரத்தில் கொடைக்கானலில் ஒரு தொழிலதிபரின் பங்களாவுக்கும் அவள் வரைந்தாள். அங்கேயும் வளர்சுண்ணம்தான், அங்கேயும் மூலைகள் அசிங்கமாகத்தான் நின்றன. அங்கே அவள் வெற்றிடத்தைத் தொடவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு மூலையையும் கையால் சரிசெய்தாள். ஏன் என்று அப்போது அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. முத்தன்துறையில் சுவர் ஒரு விரல் அளவு உள்ளே வளர்ந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு ஓடி மறைந்தது மட்டும் இப்போது துல்லியமாக ஞாபகம் வந்தது.

காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். சாவியைக்கூடத் திருகிவிட்டாள். ஜெசிந்தா மேலே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் இறங்கினாள். மனசாட்சியால் இறங்கினேன் என்று பின்னால் ஒருநாளும் அவளால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

மேலே போய் மிக்கேலின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, உங்க கை நல்லாத்தான் இருக்கு. சுவர்தான் வளந்து வழிய அடைச்சிருக்கு."

அவர் புரியாமல் மகளைப் பார்த்தார்.

தமயந்தி விளக்கினாள். எண்களைப் பற்றிச் சொன்னாள். எது நிற்கும், எது விலகும் என்று சொன்னாள். மிக்கேல் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"சரி, கல்லுக்குப் பெரிய நம்பரு. சுண்ணாம்புக்கு அதவிடக் கொஞ்சம் கம்மி. அப்ப நாங்க பொழங்குற இடத்துக்கு என்ன நம்பரு?"

"பூஜ்யம்."

"யாரு போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி."

வெளியே யாரோ வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மிக்கேல் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார்.

"அப்ப இது என் கை இல்லியா? கையில வலுப் போகலியா?"

"இல்ல. உங்க கையில ஒரு குறையும் இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைபோலத் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "ஏட்டி ஜெசி, கேட்டியா? சுவராம்! நான் என்னமோ கடைசிக் காலம் வந்துட்டு, கையும் காலு மாதிரி விளங்காமப் போகப் போவுதுன்னுல்லா நெனச்சேன்! இந்தக் கைய வச்சுத்தான கடல்ல கெடந்தேன். இதுவும் போனா என்னத்துக்கு இருக்கணும்னு..." முடிக்காமல் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்பாக இருந்தது. "பாத்தியளா? வலு இருக்குல்லா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலை தானாகக் குனிந்துகொண்டது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள்: "போன கிட்னிக்கு என்ன நம்பரு போடுவிய?"

"ஜெசி!" என்று மிக்கேல் அதட்டினார். "வீடு தேடி வந்து சொல்லிருக்காவ."

"வந்து சொல்லாட்டி நாம செத்து மண்ணாப் போனாலும் தெரிஞ்சிருக்காது, அப்படித்தானப்பா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்று தமயந்தி கிளம்புகிறவரை வெளியே வரவில்லை.

அந்த இடத்திலிருந்தே தமயந்தி நான்காவது மாடி மிக்கேல் வீட்டுக்கு மட்டும் வெற்றிடத்தின் எண்ணைச் சுண்ணத்துக்கு மேலே ஏற்றினாள். அப்படி ஏற்றினால் நுண்ணுயிர்கள் தாங்கள் கட்டியதைத் தாங்களே கரைத்துக்கொண்டு பின்வாங்கும். இரண்டு மாதமாகும். அதுவரைக்கும் ஒடுக்கமான நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்துவிட்டு மதுரைக்குத் திரும்பினாள்.

பரந்தாமன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன்ன மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். நானும்தான் பின்னாடி நின்னு பாத்தேன். ஆனா தமயந்தி, ஒரு விஷயம் தெரியுமா? அந்தப் படம் சுத்தமா இருந்துதுன்னு, அந்த எண்களையே நம்ம ஆபீஸ் மாதிரிக் கோப்பா சேத்து வச்சோம். அப்புறம் வந்த எல்லாக் குடியிருப்புக்கும் அதத்தான் எடுத்துப் போட்டாங்க. கோப்புக்குப் பேரே உன் பேருதான்."

"எல்லாத்துக்குமா?"

"ஏழைங்க குடியிருப்புக்கு எல்லாத்துக்கும். பெரிய வீடுகளுக்கு வேற கோப்பு." இதைச் சொல்லும்போது அவர் மேசைமேல் இருந்த காகிதக் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "பயப்படாத. வழி இருக்கு. இங்க இருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் எண்ண மாத்திரலாம். சத்தமே இருக்காது. ரெண்டு மாசத்துல சுவர் எல்லாம் தன் இடத்துக்குப் போயிரும். சுவர் வளந்தது யாருக்குமே தெரியாதுல்ல? போனதும் தெரியப் போறதில்ல. நல்லது செய்யறோம், அதச் சத்தமில்லாமச் செய்வோம்."

ஒரு நாள் முழுக்க அவளுக்கு அது சரியென்றே பட்டது. யாருக்கும் கெடுதல் இல்லை. வேலை போகாது, பெயர் போகாது, வழக்கு வராது. வாசலில் படம் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சாப்பிட உட்கார்ந்தாலும் படுத்தாலும் மிக்கேல் கையைத் தூக்கிப் பார்த்ததே கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் தங்கள் கையையோ காலையோ உடம்பையோ நொந்துகொண்டிருப்பார்கள்? சுவர் பின்வாங்கிவிட்டாலும் அவர்கள் மனதில் அது அப்படியே நிற்கும்.

"எண்ண மாத்துங்க சார். கூடவே ஒவ்வொரு வீட்டுலயும் நேர்ல போய்ச் சொல்லணும்."

"எண்ண மாத்திருவேன். ஆனா நேர்ல போறதுன்னா நிறுவனம் சார்பா நீ போகல. உன் இஷ்டத்துக்குப் போற. புரியுதா?"

புரிந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதை உடனே எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார், யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

முதலில் முத்தன்துறைக்கே போனாள். கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்துக் கதவு கதவாகத் தட்டினாள். ஒரு வீட்டில் கேட்டுவிட்டு "அதான பாத்தேன்!" என்று சிரித்தார்கள். அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பெருத்துவிட்டதால்தான் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே போக முடியவில்லையென்று பட்டினி கிடந்திருந்தாள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் பீரோவை நகர்த்தியது யார் என்று சண்டை போட்டுப் பேச்சே இல்லாமல் இருந்தார்கள். ஒரு வீட்டில் அவள் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் கெட்ட வார்த்தையில் வைதார். வைதது ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் "நான்தான் அந்த எண்ணை வைத்தது" என்று சொல்லும்போது முதல் தடவை சொல்வதுபோலவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பழக்கமாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. இருந்தாலும் சொல்லி முடித்ததும் பலருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்கத்தான் அடுத்த கதவைத் தட்டுகிறோமோ என்றும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஆறாவது மாடியில் கடலைப் பார்த்த கோடி வீடு. பிரிசில்லா என்ற பெண் கதவைத் திறந்தாள். ஐம்பதுக்குப் பக்கமாக வயது. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். கடற்காற்று நேரே அடிக்கிற சுவர் என்பதால் இந்த வீட்டில்தான் அதிகம் வளர்ந்திருக்கும் என்றும் சொன்னாள்.

பிரிசில்லா எழுந்து படுக்கையறைக்குள் போனாள். தமயந்தியும் பின்னால் போனாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம் இருந்தது.

"இங்கனதான் எங்க மாமனாரு கட்டில் கெடந்துது" என்றாள் பிரிசில்லா. "கடலப் பாத்துக்கிட்டுக் கெடப்பாவ. போகப் போக இடிக்க ஆரம்பிச்சுது. எங்க கட்டிலுக்கும் அவிய கட்டிலுக்கும் எடம் பத்தல. ஹால்ல போட்டா வழி இல்ல. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் அதே சண்ட. எடம் இல்லாமப் பண்ணுதியேன்னு அவிய கத்த, நான் கத்த... கடைசியில மாமாவே சொல்லிட்டாவ. 'வீட்ட அடைச்சுக்கிட்டுக் கெடக்கேன், என்னயக் கொண்டு போயி மடத்துல விடுங்க'ன்னு. கன்னியாஸ்திரிங்க நடத்துற முதியோர் இல்லம். என் வீட்டுக்காரருதான் கூட்டிட்டுப் போனாவ."

"அந்தச் சுவர் பின்னால போயிரும்மா" என்றாள் தமயந்தி அவசரமாக. "ரெண்டு மாசத்துல பழைய இடம் வந்துரும். கட்டில் தாராளமாப் போடலாம். அவர நீங்க கூட்டிட்டு..."

"போன வருசம் இறந்துட்டாவ."

பிரிசில்லா சுவரில் கையை வைத்தாள். மெதுவாக ஒருமுறை தடவினாள்.

"அவிய பெரிய ஆளும்மா. கட்டிலும் பெரிய கட்டில். அதனாலதான் எடம் பத்தலன்னு நெனச்சோம். வேற வழி இல்லாமத்தான் விட்டோம்னு மனசத் தேத்திக்கிட்டோம்."

"அம்மா, தப்பு என்னோடது. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நீங்க சொல்லுதிய. ஒரு நாடா வாங்கி அளந்து பாத்திருந்தா நாங்களும் கண்டுபிடிச்சிருப்போம்லா? தோணல. தோணாம இருந்ததும் எங்களுக்குச் சௌகரியமா இருந்துது." அவள் திரும்பித் தமயந்தியை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். இந்த ஒரு சுவர மட்டும் பின்னால போகாம வைக்க முடியுமா?"

"ஏம்மா?"

"அது போனா அந்த எடம் தெரியும். கட்டில் கெடந்த எடம் அப்படியே வெறுமையாக் கெடக்கும். தெனம் காலையில முழிச்சு அதுலதான முழிக்கணும்? என் வீட்டுக்காரருக்குத் தாங்காது. அங்கனயே நிக்கட்டும்."

தமயந்தி வாய் திறக்குமுன் வாசல் கதவு திறந்தது. பிரிசில்லாவின் கணவர் லிகோரி, தோளில் வலைப்பையோடு உள்ளே வந்தார். அந்நியப் பெண் ஒருத்தி படுக்கையறை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தயங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்கம்மா. யாரு, தெரியலியே?"

தமயந்தி சொல்ல வாயெடுத்தாள். பிரிசில்லா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"கட்டடத்து ஆளு. சுவரப் பாக்க வந்திருக்காவ."

"அப்படியா? ரொம்ப நல்லது." அவர் பையைக் கீழே இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஏதாவது நல்லதாகப் பேசவேண்டுமே என்று சிரித்த முகத்தோடு கேட்டார். "என்ன புயல் அடிச்சாலும் ஒரு கீறல் விழலம்மா. நல்ல உறுதியான சுவரு, என்ன?"

"ஆமா" என்றாள் பிரிசில்லா. "அசையாதாம்."